மாம்பழ வாசம் அடிக்கும் நிகோடின்

திண்டுக்கல்காரன் புகையிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் சர்ச்சில் வந்துவிடுவார். அவர் பிடித்தது எங்கள் ஊர்ச் சுருட்டுதான், கப்பல் கப்பலாகப் போனது என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். அவர் வாயில் பெரும்பாலும் இருந்தது கியூபா சுருட்டு என்று எதிர்த்துப் பேசினால் ஊர்த்துரோகி ஆகிவிடுவோம். நான் அந்த வம்புக்கே போவதில்லை. சர்ச்சில் இல்லாமலே எங்கள் ஊருக்குப் போதுமான புகை உண்டு. 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். பெயர் திருச்சிக்குப் போய்விட்டது; அந்தச் சுருட்டுக்குப் புகையிலை கொடுத்தது திண்டுக்கல் பக்கத்துக் காடுகள். ஸ்பென்சர் கம்பெனி இங்கேயே சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது.

சுருட்டின் காலம் முடிந்தது, மெல்லுகிற போயிலை நிலைத்தது. அங்குவிலாஸ் போயிலை என்றால் தெரியாத பெரியவர்கள் தென்மாவட்டங்களில் குறைவு. வேடசந்தூரில் 1948-லிருந்து மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த மெல்லும் புகையிலை ரகங்களில் ஒன்றுக்குப் பெயர் அபிராமி, இன்னொன்றுக்குப் பாக்கியலட்சுமி. எங்கள் ஊர் அம்மன் பெயரையே போயிலைக்கு வைத்த ஊர் இது. அதனால் மின் சிகரெட்டைப் பற்றி எழுதும்போது, ஏதோ வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த பூதத்தைப் பார்த்தது மாதிரி அலற எனக்கு வராது. நிகோடின் எங்களுக்குப் பழைய சொந்தக்காரன். இப்போது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

அந்தச் சட்டையை நான் பக்கத்தில் பார்த்தது ஒரு காதுகுத்து வீட்டில். பந்தி முடிந்து மண்டபத்தின் பின்பக்கம் கை கழுவப் போனால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக மாம்பழ வாசம். சித்திரையும் இல்லை, வைகாசியும் இல்லை. எட்டிப் பார்த்தால் அக்கா மகன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவன், கையை வேட்டி மடிப்புக்குள் ஒளிக்கிறான்.

"என்னடா மாப்ள அது?"

"ஒண்ணுமில்ல மாமா. வேப். இதுல புகையெல்லாம் கிடையாது, வெறும் ஆவி."

"குடு பாப்போம்."

கொடுத்தான். கல்லூரிப் பிள்ளைகள் கோடு போட்டுப் படிக்கிற ஹைலைட்டர் பேனா பருமன், பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், தொட்டால் வழவழவென்று ரப்பர் மாதிரி. பட்டனே இல்லை; வாயில் வைத்து இழுத்தால் தானாகச் சூடாகிறது, அடியில் ஒரு குட்டி விளக்கு மினுக்குகிறது. எட்டாயிரம் இழுப்பு வரும் என்று எழுதியிருந்தது. நிகோடின் 5 சதவீதம் என்று எழுதியிருந்தது. யார் இறக்குமதி செய்தது, யாரைக் கேட்பது, என்ன விலை என்பது எங்கேயும் இல்லை. ஆயிரத்து எண்ணூறு ரூபாயாம். இன்ஸ்டாகிராமில் ஒருத்தனுக்கு மெசேஜ் போட்டால் ஹாஸ்டல் வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போவானாம்.

"இது தடை பண்ணுன சாமான்டா."

"தடை பண்ணுனா ஆபத்துன்னு அர்த்தமா மாமா? அப்ப சிகரெட்ட ஏன் தடை பண்ணல?"

இந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. பின்னாலிருந்து அவன் அம்மா கூப்பிட்டாள். அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் இதைத் தப்பாகவே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடை வேண்டும் என்று வெள்ளை அறிக்கை கொடுத்தது. 2019 செப்டம்பர் 18 அன்று நிர்மலா சீதாராமன் அவசரச் சட்டத்தை அறிவித்தார். டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, ஆன்லைன் விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவை சிக்கினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அடுத்த தடவை மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். ஸ்டாக் வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை உள்ளே போகலாம். ஆனால் இழுப்பவனுக்கு என்று தனியாகத் தண்டனை எதுவும் சட்டத்தில் இல்லை. மாப்பிள்ளை தைரியமாக இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம்ம பக்கத்துத் தம்பிகள் இந்தத் தைரியத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். அங்கே 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். எடோமிடேட் என்கிற மயக்க மருந்தை வேப்பில் கலந்து விற்க ஆரம்பித்ததால், 2025 செப்டம்பர் 1 முதல் அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரன் திரும்பத் திரும்பச் சிக்கினால் வேலை பெர்மிட் போய், ஊருக்கு டிக்கெட்தான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், சுருளைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். திரவத்தில் புரொப்பிலின் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிகோடின். சுருள் சூடாகித் திரவம் ஆவியாகிறது. இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர், 2003-ல். அவரும் கடுமையாகப் புகைத்தவர், அப்பாவை நுரையீரல் புற்றுநோயில் இழந்தவர். புகைப்பவனுக்கு மாற்றாகத்தான் செய்தார். இது முக்கியம். பதினெட்டு வயதுப் பையனுக்கு மாம்பழ வாசத்தில் கொடுப்பதற்காக அவர் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

சிகரெட் நுனி இழுக்கும்போது சுமார் 900 டிகிரிக்குச் சூடாகும். இலை எரிந்து தார் வருகிறது, கார்பன் மோனாக்சைடு வருகிறது, ஏழாயிரத்துக்கு மேல் ரசாயனங்கள் வருகின்றன. அவற்றில் எழுபது வரை புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியவை. மின் சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. ஆகவே சிகரெட்டை விட இதில் நஞ்சு குறைவு என்பது உண்மை. இதை மறைத்துப் பேசுகிற விழிப்புணர்வுக் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிள்ளைகள் போனில் தேடி இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

ஆனால் "சிகரெட்டை விடக் குறைவு" என்பது சிகரெட் பிடிப்பவனுக்குத்தான் நல்ல செய்தி. என் மாப்பிள்ளை சிகரெட்டே பிடித்ததில்லை. அவனுக்கு ஒப்பிட வேண்டியது வெறும் காற்றோடு. அந்த வாசனைகளெல்லாம் உணவில் சேர்ப்பவைதான் மாமா என்றான். மிளகாய் வற்றலும் உணவில் சேர்ப்பதுதான். அதை வாணலியில் கருகவிட்டுப் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுக்குப் போகலாம் என்று சோதித்த பொருளை, இழுத்து நுரையீரலுக்குப் போகலாம் என்று யாரும் பல வருடம் வைத்துச் சோதிக்கவில்லை. அமெரிக்காவில் 2019-ல் நடந்தது நினைவிருக்கும். வேப் இழுத்தவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிப்பு, 68 பேர் சாவு. பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த கள்ளத் திரவங்களில் சேர்த்த வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்தான் காரணம் என்று தெரியவந்தது. கடையில் விற்ற சாதாரண நிகோடின் வேப் அல்ல என்று ஆதரவாளர்கள் உடனே சொல்வார்கள். சரிதான். ஆனால் இன்ஸ்டாகிராமில் வாங்கும் நம் பிள்ளைக்கு வருவது எந்தத் திரவம்? அதுவும் கள்ளச் சரக்குதானே?

நிகோடின் பற்றியும் ஒரு வார்த்தை. அது புற்றுநோயைக் கொண்டுவருவதில்லை, அடிமைதான் ஆக்கும் என்று மென்மையாகச் சொல்கிறார்கள். வேடசந்தூர்ப் பக்கம் போயிலைக் காட்டுக்குள் காலையில் பனியோடு போய்ப் பாருங்கள். பூ வைக்கவிடாமல் நுனியைக் கிள்ளுவார்கள், பக்கத்தில் வெடிக்கிற கிளைகளை ஒவ்வொன்றாக ஒடிப்பார்கள். அப்போதுதான் இலை தடிக்கும், காரம் ஏறும். ஒடிக்கிற பெண்களின் விரல்களில் பிசின் ஏறிக் கறுத்துப் போயிருக்கும், சோப்புக்கு லேசில் போகாது. ஈர இலையில் வேலை செய்தால் தலை கிறுகிறுக்கும், வாந்தி வரும். அவர்கள் புகைக்கவும் இல்லை, மெல்லவும் இல்லை. ஈரத்தில் கரைந்த நிகோடின் தோல் வழியாகவே உள்ளே போகிறது. பச்சைப் போயிலை நோய் என்று மருத்துவத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. பழைய சம்சாரிகள் போயிலையை ஊறவைத்த தண்ணீரைத்தான் பயிரில் அசுவினிக்கு அடித்தார்கள், பூச்சி சுருண்டு விழும். அந்தச் சாமானை வடித்துச் சுத்தம் செய்து, தொண்டையில் கமறாமல் இருக்க உப்பு வடிவத்துக்கு மாற்றி, மாம்பழ வாசம் சேர்த்திருக்கிறார்கள். கமறல் இருந்தால் புதுப் பையன் இரண்டாவது இழுப்பிலேயே தூக்கி எறிந்திருப்பான். கமறாமல் செய்ததுதான் இந்த வியாபாரத்தின் மூளை.

இப்போது எதிர்த்தரப்பு. அது வலுவான தரப்பு. பிரிட்டனில் 2015-ல் பொதுச் சுகாதாரத் துறையே மின் சிகரெட் 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்றது. அந்த எண் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து மதிப்பிட்டது, ஆய்வகத்தில் அளந்தது இல்லை. ஆனாலும் அவர்கள் திசை தெரிந்தே போனார்கள். 2019-ல் அங்கே நடந்த ஒரு பெரிய சோதனையில், சிகரெட்டை விட முயன்றவர்களில் மின் சிகரெட் கொடுத்தவர்கள் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் தொடாமல் இருந்தார்கள். நிகோடின் பட்டை, சூயிங்கம் கொடுத்தவர்களில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படி விட்டவர்களில் 80 சதவீதம் பேர் வருடம் கழிந்தும் மின் சிகரெட்டை விடவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை யாரும் போஸ்டர் அடிப்பதில்லை.

ஆக, ஒழுங்குபடுத்தி விற்கலாமே, வரியும் வரும், தரமும் இருக்கும் என்கிறார்கள். பிரிட்டனில் ஒரு மில்லி திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது. மாப்பிள்ளை கையில் இருந்த 5 சதவீதம் அதைப் போல இரண்டரை மடங்கு. அது மட்டுமில்லை, ஒரு தடவை இழுத்துத் தீர்த்துத் தூக்கி எறிகிற ரகத்தையே 2025 ஜூன் 1 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்ததால். அதாவது நம் ஊரில் ஓடுகிற சரக்கு, மின் சிகரெட்டைக் கொண்டாடுகிற நாட்டிலேயே விற்க முடியாத சரக்கு.

பிரிட்டன் இருக்கட்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். சிகரெட் பெட்டியில் 85 சதவீதம் இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும் போடவேண்டும் என்று விதி. போட்டிருக்கிறார்கள், அழகாக. ஆனால் யார் பெட்டி வாங்குகிறார்கள்? "அண்ணே, ஒரு கிங்ஸ்" என்று ஒத்தை சிகரெட்தான். கடைக்காரர் பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒன்றை உருவிக் கொடுப்பார், அந்தப் படத்தைத் தினமும் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக்கூடாது என்று 2003 சட்டம். அளவு நாடாவோடு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் அபராதம், 2008 அக்டோபர் 2-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. "இங்கே புகைபிடிக்கக் கூடாது" போர்டுக்குக் கீழேயே பீடியைப் பற்றவைக்கிற ஊர் நம்முடையது. இந்த லட்சணத்தில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், தொட்டி எத்தனை மில்லி, வாசனை எது, வயது என்ன என்று பார்த்து விற்கவைக்கப் போகிறோமா? ஒழுங்குபடுத்து என்பது எழுத நல்ல வார்த்தை. ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும்.

தடைக்கும் அதே ஆள்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம். குட்கா, மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்து தடை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு அதிகாரம் இல்லை என்று ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. கோர்ட்டில் இத்தனை நடந்துகொண்டிருக்க, பெட்டிக்கடையில் கடைக்காரர் ஆளைப் பார்த்து, இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். விலை கூடியது, கடை நிற்கவில்லை.

அப்படியென்றால் மின் சிகரெட் தடையால் என்னதான் கிடைத்தது? எனக்குத் தெரிந்து ஒன்று கிடைத்தது, அது சின்ன விஷயம் இல்லை. பெரிய கம்பெனி உள்ளே வரவில்லை. அமெரிக்காவில் ஜூல் என்ற கம்பெனி பென் டிரைவ் மாதிரி ஒரு வேப்பை 2015-ல் இறக்கியது. மூன்று வருடத்தில் மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா 12.8 பில்லியன் டாலர் கொடுத்து அதில் 35 சதவீதம் பங்கு வாங்கியது. சிகரெட்டை ஒழிக்க வந்ததில் சிகரெட் கம்பெனிக்கே பங்கு. அந்த மாதிரிப் பணம் இங்கே இறங்கியிருந்தால் ஐபிஎல் சட்டையில் பெயர் இருந்திருக்கும், பழனி ரோட்டில் தட்டி இருந்திருக்கும், ஒட்டன்சத்திரம் பெட்டிக்கடை வரை ஐம்பது ரூபாய்க்கு ஒரு குட்டி வேப் தொங்கியிருக்கும். இன்று அது ஆயிரத்து எண்ணூறு ரூபாயாக, இன்ஸ்டாகிராமில் தேடி வாங்க வேண்டியதாக இருக்கிறது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் மின் சிகரெட் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டவர்களே 3 சதவீதம் பேர்தான். தீ வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே கதவைச் சாத்தினார்கள். அந்த மட்டுக்கு அரசுக்கு மதிப்பெண் கொடுப்பேன்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தியாவில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7, மெல்லுவது, அதக்குவது, பல்லில் தேய்ப்பது எல்லாம் சேர்ந்து 21.4. அதாவது புகைப்பதைப் போல இரண்டு மடங்குப் பேர் வாயில் வைக்கிறார்கள். மின் சிகரெட் என்ற மாற்று, சிகரெட்டே பிரதானமாக இருக்கிற நாட்டுக்குத் தைத்த சட்டை. வெத்தலையோடு போயிலை அதக்குகிற நத்தம் அப்பத்தாவுக்கும், கடைவாயில் குட்கா ஒதுக்கிக்கொண்டு லாரி ஓட்டுகிறவருக்கும் அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. பீடி குடிக்கிற கூலிக்காரர் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வேப் வாங்கப் போவதும் இல்லை. தீங்கு குறையும் என்று எந்த ஆளுக்காகச் சொல்கிறார்களோ, அந்த ஆளுக்கு அது எட்டாது. தேவையே இல்லாதவனுக்குக் கை நீட்டினால் கிடைக்கும்.

மாப்பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். சிகரெட்டை ஏன் தடை செய்யவில்லை? வரி வருகிறது, அதை நம்பிப் பிழைப்பு நடக்கிறது, விவசாயி இருக்கிறான், பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள், சிகரெட் கம்பெனியான ஐடிசியில் எல்ஐசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2019-ல் வேப் தடை வந்த அன்று சிகரெட் கம்பெனிப் பங்குகள் ஏறின. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைப்பது என்று முடிவெடுத்தது. பீடி வரியைக் குறைக்கிற அரசாங்கம், வேப் உடம்புக்குக் கெடுதல் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அரசாங்கம் ஒழுங்கில்லை என்பதால் அவன் கையில் இருப்பது நல்லதாகிவிடாது என்பதை மட்டும் பிறகு அவனிடம் சொன்னேன்.

என் கட்சி இதுதான். மின் சிகரெட் பாதுகாப்பானது இல்லை. புகைக்காதவனுக்கு அதைத் தொட ஒரு காரணமும் கிடையாது. கடைத்தெருவில் விற்க விடக்கூடாது, தடை இருக்கட்டும். என்றைக்காவது தளர்த்துவதென்றால் ஆஸ்திரேலியா மாதிரி, 2024 ஜூலையிலிருந்து அங்கே செய்வது போல, மருந்துக்கடை வழியாக மட்டும், சிகரெட்டை விட முயல்கிறவருக்கு மட்டும். ஆனால் தடை போட்டதோடு வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டதுதான் எனக்குக் கோபம். நிகோடின் மாற்றுச் சிகிச்சை 2022-ல் நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்கே வந்துவிட்டது. 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். பழைய போயிலைக்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு மெடிக்கலில் கேட்டால், பபிள்கம்மா என்று அந்தத் தம்பி பக்கத்துப் பெட்டிக்கடையைக் கை காட்டினான்.

சிகரெட் பெட்டியிலும் போயிலை பாக்கெட்டிலும் விட நினைப்பவர்களுக்காக ஒரு கட்டணமில்லாத எண் அச்சடித்திருப்பார்கள். ஒத்தை சிகரெட் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, வேப் டப்பாவில் அது இருக்கப்போவதும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், உங்கள் வீட்டில் தேவைப்படுகிற ஆளுக்குக் குறித்துக் கொடுங்கள்: 1800-11-2356. தமிழிலும் பேசுவார்கள்.